சாட்சி கேட்கும் கடவுள்கள்



போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஒரு அக்கா நம் இதழ் அறைக்கு வந்தார். கிரிவலம் முடித்த கூட்டம் அப்போதும் கலையவில்லை. பதினான்கு கிலோமீட்டர் நடந்த கால்களை நீட்டிக்கொண்டு சனங்கள் பேருந்து நிலையத் தரையிலேயே படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி, தண்டராம்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போய், பேசிய காலம் முடிவதற்குள் திரும்பியவர். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கணும், ஒரு மனு எழுதித் தா தம்பி என்றார்.

எழுத ஆரம்பித்தேன். பாதியில் வந்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே என்று கேட்டேன். அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, அந்த வீட்டுப் பெரிய பையன் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன். "போலீசுக்குப் போகலையாக்கா?"

"போனா நம்மளத்தான் உள்ள வெப்பாங்க தம்பி. புருசன் இல்லாத ஊர்ல ஒருத்தன்கூட இருந்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பக்கத்து ஊட்ல வேல செஞ்ச இலங்கைக்காரப் பொண்ணு மொத நாளே சொல்லிடுச்சி."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார். "இங்க மட்டும் இன்னா வாழுது? நம்ம ஊர்ல நடந்திருந்தா ஸ்டேஷனுக்குப் போவச் சொல்லுவியா நீ?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த இதழின் தலையங்கம்.

அந்த இலங்கைப் பெண் சொன்னது வேலைக்காரப் பெண்களுக்குள் உலவும் வெறும் பயம் அல்ல. சட்டம் வேலை செய்யும் விதத்தை எந்த வக்கீலையும்விடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். திருமணத்துக்கு வெளியே உடலுறவு என்பதே குற்றம் என்று மதத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டம் இருக்கிற நாட்டில், பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, உறவு நடந்தது. இரண்டு, அது என் விருப்பமில்லாமல் பலாத்காரமாக நடந்தது. முதல் செய்தியை அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். இரண்டாவதை அவள் நிரூபிக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குள், நள்ளிரவில், சாட்சியே இல்லாத இடத்தில் நடந்ததை எப்படி நிரூபிப்பது? முடியாமல் போனால் இரண்டாவது செய்தி உதிர்ந்துவிடும். முதல் செய்தி மட்டும் காகிதத்தில் நிற்கும். புகார் மனு ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

இதன் முழு உருவத்தை நம் பக்கத்து நாடு பாகிஸ்தான் காட்டியது. 1979இல் சர்வாதிகாரி ஜியா உல் ஹக் ஹுதூத் அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தார். விபச்சாரமும் பாலியல் வன்கொடுமையும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. வன்கொடுமை செய்தவனுக்கு மதம் விதித்த உச்ச தண்டனை தர வேண்டுமானால், அவனே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒழுக்கமுள்ள முஸ்லிம் ஆண்கள் நான்கு பேர் நேரில் பார்த்ததாகச் சாட்சி சொல்ல வேண்டும். நாலு பேர் நின்று பார்த்திருந்தால், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எப்படி ஒழுக்கமுள்ளவர்கள் ஆவார்கள் என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

சஃபியா பீபி வழக்கு அப்படித்தான் வந்தது. ஏறக்குறையப் பார்வையே இல்லாத இளம்பெண். நிலக்கிழார் வீட்டில் வேலைக்காரி. அந்த வீட்டு அப்பனும் மகனும் தன்னைக் கெடுத்ததாகச் சொன்னார். கர்ப்பமானார். ஆண்கள் இருவரும் போதிய சாட்சியமில்லை என்று விடுதலை ஆனார்கள். கர்ப்பத்துக்குச் சாட்சியம் தேவைப்படவில்லை, அது வயிற்றிலேயே இருந்தது. சஃபியாவுக்கு 15 கசையடி, 3 ஆண்டு சிறை, 1000 ரூபாய் அபராதம். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1983இல் ஷரியத் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் சட்டம் அப்படியே நின்றது. பாலியல் வன்கொடுமையை அதிலிருந்து பிரித்துப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குக் கொண்டுவர 2006ஆம் ஆண்டுப் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தேழு ஆண்டுகள். அதற்குள் எத்தனை பெண்கள் புகார் கொடுக்கப் போய்க் கைதியானார்கள்!

சஃபியா பீபி யார் என்று திரும்பப் பாருங்கள். பண்ணையார் வீட்டு வேலைக்காரி. நம் அக்கா யார்? அராபிய எஜமானன் வீட்டு வேலைக்காரி. மதச்சட்டம் எல்லாப் பெண்கள்மீதும் பாய்கிறது, ஆனால் ஒரே எடையில் பாய்வதில்லை.

2006இல் சவூதியின் கத்தீஃப் நகரில் ஒரு இளம்பெண்ணை ஒரு கும்பல் வன்கொடுமை செய்தது. சம்பவத்துக்கு முன் உறவுக்காரனல்லாத ஒரு ஆணோடு காரில் இருந்தாள் என்று அவளுக்கும் 90 கசையடி விதித்தார்கள். அவள் பத்திரிகைகளிடம் பேசினாள். 2007இல் மேல்முறையீட்டில் அதை 200 கசையடியும் ஆறு மாதச் சிறையும் ஆக்கினார்கள். உலகம் கூச்சல் போட்டபிறகு அதே ஆண்டு டிசம்பரில் மன்னர் அப்துல்லா மன்னிப்பு வழங்கினார். யாருக்கு யார் மன்னிப்பு?

2008இல் அமீரகத்தின் ஃபுஜைராவில் ஓட்டலில் வேலை பார்த்த ஆஸ்திரேலியப் பெண் புகார் கொடுத்துவிட்டு எட்டு மாதம் சிறையில் இருந்தார். 2013இல் துபாயில் நார்வே நாட்டுப் பெண்ணுக்கு, புகார் கொடுத்ததன் பலனாக, 16 மாதச் சிறை என்று தீர்ப்பு. அவர் குற்றம் சாட்டிய ஆணுக்கு 13 மாதம். நார்வே அரசு தலையிட்டது, உலகப் பத்திரிகைகள் எழுதின, சில நாட்களில் மன்னிப்பு வந்தது. 2021இல் கத்தாரில், உலகக் கோப்பை ஏற்பாடுகளில் வேலை பார்த்த மெக்சிகோ பெண் ஒருவர் புகார் கொடுத்தார். முறைகேடான உறவு என்று அவர்மீதே வழக்குத் திருப்பப்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியேறிப் போராடி, 2022இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

இந்தப் பெண்கள் பட்டது கொடுமைதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நார்வேக்காரிக்கு நார்வே இருந்தது. நம் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய பாஸ்போர்ட் எஜமானன் அலமாரியில். விசா எஜமானன் பெயரில். கஃபாலா என்கிற அந்த முறையில் வேலைக்காரியின் இருப்பே எஜமானன் கையெழுத்தில் தொங்குகிறது. பல நாடுகள் இதில் திருத்தங்கள் செய்திருக்கின்றன. ஆனால் வீட்டு வேலைக்காரர்கள் பெரும்பாலும் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே, தனி விதிகளில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவள் தப்பித்துக் கதவைத் தாண்டினால், ஓடிப்போனவள் என்று எஜமானன் புகார் கொடுத்துவிடலாம். அவள் போலீஸ் நிலையத்தை அடைவதற்குள் அவன் புகார் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்யாணச் சான்றிதழ் கேட்ட காலம் உண்டு. காட்டாவிட்டால் அடுத்த வாசல் சிறை.

1990களில் இது உலகத்துக்கே தெரியவந்தது. பிலிப்பைன்சின் தென்கோடியிலிருந்து சாரா பலபாகன் என்கிற ஏழைச் சிறுமி, வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டோடு அமீரகத்துக்கு வேலைக்குப் போனாள். 1994இல், தன்னைக் கத்திமுனையில் கெடுத்த எஜமானனை அவள் குத்திக் கொன்றாள். முதல் நீதிமன்றம் 7 ஆண்டு சிறை கொடுத்தது, அதே நேரம் அவள் வன்கொடுமைக்கு ஆளானாள் என்றும் ஏற்றுக்கொண்டு நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. 1995 செப்டம்பரில் மறுவிசாரணை நடத்திய இன்னொரு நீதிமன்றம், வன்கொடுமைக்கு ஆதாரமே இல்லை என்று மரண தண்டனை விதித்தது. ஒரே பெண், ஒரே இரவு, இரண்டு தீர்ப்பு. அவள் முஸ்லிம் பெண்தான். அது அவளுக்கு உதவவில்லை. அவளைக் காப்பாற்றியது பிலிப்பைன்ஸ் மக்கள் தெருவில் இறங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் ஃப்ளோர் கொன்டம்ப்ளாசியோன் என்கிற வீட்டு வேலைக்காரப் பெண்ணை சிங்கப்பூர் தூக்கிலிட்டிருந்தது. அந்தக் கோபம் ஆறாத சனங்கள் இன்னொரு பிணத்தை வாங்கத் தயாராக இல்லை. சாராவின் தண்டனை ஓராண்டுச் சிறை, 100 அடி, இறந்தவன் குடும்பத்துக்கு ரத்தப் பணம் என்று குறைந்தது. 1996இல் ஊர் திரும்பினாள். புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டத்தை 1995இல் பிலிப்பைன்ஸ் அரசு இயற்றியது. அரசு தானாக இயற்றவில்லை, மக்கள் இயற்ற வைத்தார்கள்.

நம் மொழி பேசிய ரிசானா நஃபீக்குக்கு அது நடக்கவில்லை. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன பெண். அவளுக்கும் பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ்படி அப்போது 17. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் என்று போனவளிடம் நான்கு மாதக் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். பால் கொடுக்கும்போது குழந்தை இறந்தது. மூச்சு அடைத்தது என்றாள் அவள், கொன்றாள் என்றார்கள் அவர்கள். இது பாலியல் வழக்கு அல்ல. ஆனால் நம் அக்கா அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த வழக்குதான் சொல்கிறது. ரிசானா சொன்ன தமிழை அரபியில் சொல்லத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் அங்கே இல்லை. வழக்கறிஞர் இல்லாமலே வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். தமிழில் அவள் என்ன சொன்னாள் என்பதை அந்த நீதி கடைசி வரை கேட்கவேயில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்தாயா இஸ்லாத்தின் லட்சணத்தை என்று கிளம்புகிற காவிக்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை போக இந்தப் பக்கத்தை நாம் எழுதவில்லை. நான்கு சாட்சி என்கிற விதி, ஒழுக்கமான பெண்மீது பழி சொல்லுகிறவன் நாலு சாட்சியோடு வரவேண்டும், இல்லையேல் அவனுக்கே தண்டனை என்று, பெண்ணைப் பழியிலிருந்து காக்கக் குரானில் வந்தது. அதைத் தலைகீழாக்கி, பாதிக்கப்பட்டவளிடமே சாட்சி கேட்டது ஆண்களின் அரசு. இதை உரக்கச் சொன்னவர்கள் முஸ்லிம் பெண்களேதான். 1983 பிப்ரவரி 12 அன்று, பெண்ணின் சாட்சியத்தை ஆணின் சாட்சியத்தில் பாதியாக்கும் சட்டத்தை எதிர்த்து லாகூர் வீதியில் இறங்கிய பெண்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அவர்களோடு நின்ற கவிஞர் ஹபீப் ஜாலிபும் அடிபட்டார். ராணுவ ஆட்சிக்கு எதிராக அப்படி வெளிப்படையாகத் தெருவில் நின்றவர்கள் அந்தப் பெண்கள். நம் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பெண்களின் வாழ்க்கையைத் தீர்ப்புச் சொல்கிற ஜமாத்துக்கு எதிராகப் பெண்கள் ஜமாத்தைக் கட்டினார். முஸ்லிம் பெண் புகார் கொண்டு போனால், ஜமாத்திலே பேசிக்கொள் என்று போலீஸ் திருப்பி அனுப்பியதுதான் அதற்குக் காரணங்களில் ஒன்று. மதச்சட்டத்தை உடைக்கிற சுத்தியல் அந்த மதத்துப் பெண்கள் கையில்தான் இருக்கிறது. நாம் அவர்கள் பக்கம் நிற்கிறோம். அவர்களைக் காப்பாற்ற வந்ததாக வேஷம் போடுகிறவர்கள் பக்கம் அல்ல.

இனி அக்காவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்க மட்டும் இன்னா வாழுது?

இந்திய அரசியல் சட்டம் மதச்சார்பற்றது. குற்றவியல் சட்டம் எல்லா மதத்தாருக்கும் ஒன்று. நாலு சாட்சி கேட்பதில்லை. அப்படித்தான் சட்டக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நீதிபதியின் தலைக்குள் எந்தச் சட்டப் புத்தகம் இருக்கிறது? மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயம், பெண்ணைத் தொட்ட குற்றத்துக்குத் தண்டனையை நடந்த கொடுமையை வைத்து அளக்கவில்லை, தொட்டவனின் வருணத்தையும் தொடப்பட்டவளின் வருணத்தையும் வைத்து அளக்கிறது. கீழ்ச்சாதி ஆண் மேலே தொட்டால் உயிர் போகும். பார்ப்பான் கீழே தொட்டால் அபராதப் பணம். அந்தப் புத்தகத்தை 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அம்பேத்கர் எரித்தார். சாம்பல் நீதிமன்றங்களுக்குள் பறந்து போயிருக்கிறது.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி, குயவர் சாதிப் பெண், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்ட ஊழியர். மேல்சாதி வீட்டில் கைக்குழந்தைக்குக் கல்யாணம் நடப்பதைத் தடுக்கப் போனதற்காக 1992 செப்டம்பரில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள், அதிலும் ஒருவர் பிராமணர், கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்புக்குள் இருந்த நியாயம். தீட்டு ஒரு அலிபியாக மாறியது! அவர் வழக்கின் கோபத்திலிருந்து 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பன்வாரிக்கு நீதி வரவில்லை. மேல்முறையீடு பல பத்தாண்டுகள் அசையவேயில்லை.

அந்த நீதிபதியைப் பார்த்துச் சிரிக்கும் முன் நம் மாவட்டத்தைப் பார்ப்போம். இதே தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை ஆனது. அதுவும் போலீஸ் காவலோடு. கோயிலுக்குள் தீட்டு, வரப்பிலே தீட்டு இல்லை. தீபத்தன்று உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகிற ஊர் இது.

புகார் கொடுத்தவரே கைதியாவது வளைகுடாவில் மட்டும் நடப்பதல்ல. பக்கத்துத் தருமபுரி மாவட்டம், வாச்சாத்தி, 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன்பிறகு அந்த ஊர்ப் பெண்களையே கடத்தல்காரிகள் என்று சொல்லிச் சேலம் சிறையில் அடைத்தார்கள். ஷரியத் வேண்டியிருக்கவில்லை, வனச்சட்டமே போதுமாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்களும் அவர்களோடு நின்ற இடதுசாரித் தோழர்களும் விடாமல் நின்றதால் வந்தது.

நம் மொழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீண்ட காலம் இந்தக் குற்றத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கற்பழிப்பு. அழிந்தது அவளுடைய கற்பு. அப்படியானால் முதலில் அவளிடம் கற்பு இருந்ததா என்று பார் என்பதுதானே அடுத்த கேள்வி? மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் வன்கொடுமைக்கு ஆளான மதுரா என்கிற ஆதிவாசிச் சிறுமியின் வழக்கில், ஏற்கெனவே உறவுக்குப் பழகியவள், உடம்பில் காயமில்லை என்றெல்லாம் பேசி, கடைசியில் உச்ச நீதிமன்றமே போலீசாரை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். லாகூரில் பெண்கள் அடி வாங்கிய அதே 1983இல்தான் இங்கே சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில் நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. அதற்குப் பிறகும், புகார் கொடுத்தவள் ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவு 2003 வரை வழிவிட்டது. இரு விரல் சோதனையைச் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022லும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தாலி கட்டியவன் செய்தால் குற்றமே இல்லை என்கிற விதிவிலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவிலும் 63ஆம் பிரிவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதுவும் மதச்சட்டம்தான், பெயர்ப்பலகைதான் வேறு.

இன்னொரு பார்வையற்ற பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் 2011இல், பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற 19 வயதுப் பெண்ணை, அவளுடைய அண்ணன்களுக்குப் பழக்கமான ஒருவன் வீடு புகுந்து கெடுத்தான். 2021இல் உச்ச நீதிமன்றம் அவனுடைய ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பார்வையில்லை என்பதற்காக அவள் சாட்சியத்தைக் குறைவாக எடைபோடக் கூடாது, சாதி, பால், ஊனம் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து அழுத்துவதை நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்றது. சஃபியாவுக்குக் கிடைக்காதது இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. பெண்ணின் வாய்ச்சொல்லை நம்பும் சட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனை மட்டும் போய்விட்டது. பட்டியல் சாதி என்ற காரணத்தினால்தான் செய்தான் என்று தனியாக நிரூபிக்கவில்லையாம். அவள் சாதி தெரிந்து செய்திருந்தாலே போதும் என்று 2015இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அவள் வழக்கு அதற்கு முந்தையது.

ஆகவே அக்காவுக்கு என் பதில் இதுதான். இரண்டு இடமும் ஒன்றல்ல. அங்கே, புகார் கொடுத்தவளைச் சிறையில் போடும் விதி சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அது சட்டத்தில் இல்லை, ஸ்டேஷன் எழுத்தரின் வாயிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் நீதிபதியின் மனதிலும் இருக்கிறது. இங்கே சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியும். 2025 செப்டம்பர் முடிவில் நம் திருவண்ணாமலை புறவழிச் சாலையில், ஆந்திரத்திலிருந்து சரக்கு வண்டியில் வந்த இளம்பெண்ணை ரோந்துப் பணியில் இருந்த இரண்டு காவலர்கள் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. அவளுக்கு நம் ஊர் வெளிநாடு மாதிரிதான். மொழி வேறு, தெரிந்த முகம் இல்லை, எதிரி போலீசே. அவர்கள் கைது செய்யப்பட்டார்கள், வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். புகார் கொடுத்தவள் உள்ளே போகவில்லை. ஐம்பது வருஷமாகப் பெண்கள் தெருவில் நின்றதன் விளைவு அது. ஆகவே ஆமாம் அக்கா, நம் ஊரில் நடந்தால் ஸ்டேஷனுக்குப் போகத்தான் சொல்வேன். ஆனால் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன்.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. நம் இயக்கத்து ஆண்கள் எத்தனை தடவை தனியாக விட்டிருக்கிறோம்? ஊர்க்காரன் செய்தால் வன்கொடுமைச் சட்டம், ஆர்ப்பாட்டம், சுவரொட்டி. சேரிக்குள்ளேயே ஒருவன் செய்தால், நம்ம பையன், வெளியே தெரிஞ்சா ஊர்க்காரன் சிரிப்பான், பேசி முடிச்சிடலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்கிறோம். அந்த இடத்தில் நாமும் ஒரு ஜமாத்துதான். அந்தப் பஞ்சாயத்து ஒன்றில் நானும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் அப்புறம் என் முகத்தைப் பார்த்ததில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? வளைகுடா நாடுகளின் சட்டத்தைத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து மாற்ற முடியாது. ஆனால் அவை மாறாதவை அல்ல. சவூதி 2020இல் நீதிமன்றங்கள் விதிக்கும் கசையடியைப் பெருமளவு கைவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் புதிய தண்டனைச் சட்டப்படி, மணத்துக்கு வெளியேயான உறவில் கணவனோ மனைவியோ காப்பாளரோ புகார் கொடுத்தால்தான் வழக்கு. கதவு பாதிதான் திறந்திருக்கிறது. கத்தாரில் அதுவும் இல்லை. ஆனால் கதவைத் திறந்தது கருணை அல்ல, உலகத்தின் கண்.

நம் அரசிடம் கேட்க நிறைய இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாத பெண், முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது. பாதுகாப்பு என்கிறார்கள். நடப்பது என்ன? வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட், இல்லாவிட்டால் சுற்றுலா விசா. ரிசானாவையும் சாராவையும் கொண்டுபோய் விட்ட அதே பொய் வயது. அனுமதி இல்லாமல் போனவளுக்குத் தூதரகக் கணக்கில் இடமே இல்லை. தடை வேண்டாம், முறையான வழி வேண்டும். வீட்டுத் தொழிலாளர்களுக்கான 2011ஆம் ஆண்டு சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. தன் நாட்டு அடுப்படியில் வேலை செய்பவளுக்கே உரிமை தராத அரசு, அராபிய அடுப்படிக்கு எந்த முகத்தோடு பேசும்? ஒவ்வொரு வளைகுடாத் தூதரகத்திலும் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரியும் ஒரு வழக்கறிஞரும் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு இந்த மாதமே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் யார் யார் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்த நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எடுத்து வையுங்கள். ஏஜெண்டு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவனா என்று கேளுங்கள். பதிவில்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. 1978இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. போகிறவர்கள் அந்த வழியாகப் போகட்டும். அங்கே வன்கொடுமை நடந்துவிட்டால், உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், போலீசுக்கு முன் தூதரகம் என்று போகிற பெண்ணிடம் சொல்லி அனுப்புங்கள். இந்த அறிவுரையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிட அவள் சிறைக்கு வெளியே இருப்பது முக்கியம். அங்கேயுள்ளவன் செய்த குற்றத்தை நம் நீதிமன்றம் தொட முடியாது. ஆனால் செய்தவன் இந்தியனாக இருந்தாலோ, ஏமாற்றி அனுப்பிய ஏஜெண்டு இங்கே இருந்தாலோ, இங்கேயே வழக்குப் போட வழியுண்டு.

அக்காவின் மனுவை அன்று முடித்தோம். ஆட்சியருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. முதல் படியில் பணம் மட்டும்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அதையும் சேர்த்துடு தம்பி. இன்னா ஆயிடப் போவுது" என்றார். சேர்த்தேன். குறைதீர் நாளுக்கு நம் மகளிர் அணித் தோழர்கள் இரண்டு பேர் அவரோடு போகிறார்கள். வரும் டிசம்பர் 25, மனுதர்ம எரிப்பு நாள் கூட்டத்தில், இதுவரை வழக்கமாகப் பேசும் ஆண்கள் கீழே உட்காரட்டும். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் மேடையில் பேசட்டும். சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் பெயர் சொல்லியோ சொல்லாமலோ நம் அறைக்கு எழுதுங்கள், வாருங்கள்.